இமயம் கடந்த இப்போலித்தோ அடிகள்

மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வாழும் நமக்கு மலை என்றவுடன் கண்முன் வருவது பரங்கிமலைதான். உயரம் ஏறத்தாழ 300 அடி. படியேறி உச்சியை அடைந்து, ஆலய முற்றத்தில் நின்று மூச்சு வாங்கியபடி கீழே விமானங்கள் இறங்குவதைப் பார்த்தால், பெரிய மலையேற்றம் ஒன்றை முடித்துவிட்ட பெருமிதம் நமக்கு வந்துவிடுகிறது. அந்தப் பரங்கிமலையைப் போல் 50 மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தில், மரம் ஒன்றுகூட முளைக்காத பாழ்வெளியில், கடுங்குளிர் காலத்தில் மாதக்கணக்காகப் பயணம் செய்த ஒருவரின் வரலாற்றை இங்கே எழுதப் புகுகிறோம். அவர் பெயர் இப்போலித்தோ தெசிதேரி.

இமயத்தின் வரலாற்றையும் திபெத்தின் வரலாற்றையும் கற்போர் அனைவரும் அறிந்த பெயர் இது. நம் ஊரில் மட்டும் அவ்வளவாக அறியப்படவில்லை. ஆனால் அவருடைய உடன்பிறவாச் சகோதரர் ஒருவரை நாம் நன்றாகவே அறிவோம். மெரீனா கடற்கரையில் 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவப்பெற்ற சிலைகளுள் வீரமாமுனிவர் சிலையும் ஒன்றல்லவா? வீரமாமுனிவரும் இத்தாலியர், தெசிதேரியும் இத்தாலியர். இருவரும் இயேசு சபைக் குருக்கள். முனிவர் பிறந்தது 1680-இல். தெசிதேரி அவருக்கு நான்கு வயது இளையவர். ஒருவர் தெற்கே வந்து தமிழில் காவியம் பாடினார். மற்றவர் வடக்கே சென்று திபெத்திய மொழியில் தத்துவ நூல்கள் எழுதினார். பின்னர் அவரும் தென்னாட்டுக்கு வந்து, நாற்பது வயதைக் கடந்த பிறகு, தமிழ் படிக்க உட்கார்ந்தார் என்பது நமக்கு இனிக்கும் செய்தி.

தெசிதேரி இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்திலுள்ள பிஸ்தோயா என்னும் ஊரில் 1684-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தார். 1700-இல் இயேசு சபையில் சேர்ந்து உரோமையில் கல்வி பயின்றார். 1712-இல் குருப்பட்டம் பெற்ற அதே ஆண்டிலேயே உரோமையை விட்டுப் புறப்பட்டார். லிஸ்பனில் கப்பலேறி 1713 செப்டம்பரில் கோவாவை அடைந்தார். திபெத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே அவருடைய வேண்டுதல். சபைத் தலைவரும் இசைந்திருந்தார். அந்நாட்டில் ஏற்கெனவே ஒரு முறை இயேசு சபையார் கால் பதித்திருந்தனர். 1624-இல் அந்தோனியோ தெ ஆந்திராதே என்னும் போர்த்துக்கீசியக் குரு பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மானா கணவாயைக் கடந்து மேற்குத் திபெத்தை அடைந்து, அங்கே ஆலயமும் எழுப்பினார். அந்தப் பணி சில ஆண்டுகளிலேயே சிதைந்துபோயிற்று. அதை மீண்டும் தொடங்குவதே தெசிதேரிக்கு இடப்பட்ட வேலை.

டில்லியில் மனுவேல் பிரெய்ரே என்ற போர்த்துக்கீசியக் குரு அவருக்குத் தலைவராக வாய்த்தார். இருவரும் 1714 செப்டம்பரில் டில்லியிலிருந்து புறப்பட்டு, இலாகூர் வழியாக நவம்பரில் காஷ்மீரம் சேர்ந்தனர். பனி விழுந்து வழி அடைபட்டுவிட்டது. ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆறு மாதமும் தெசிதேரி வயிற்று நோயால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் கிடந்தார். கிடந்தபடியே பாரசீக மொழியைக் கற்றுக்கொண்டார். நோயாளியின் கையில் இலக்கண நூலைக் கொடுத்தால் நம்மில் எத்தனை பேர் அதைத் திறப்போம் என்று எண்ணிப் பார்க்கலாம்!

1715 மே 17 அன்று அவர்கள் சீநகரை விட்டுக் கிளம்பினார்கள். லே நகரை அடைய 40 நாட்கள் ஆயின. இந்த 40 நாட்களைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

காஷ்மீரத்தின் பசுமை முடிந்து லடாக்கின் வறண்ட மலைகள் தொடங்கும் இடத்தில் ஸோஜிலா கணவாய் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 11,500 அடி. மே மாத இறுதியில் அவர்கள் அதைக் கடந்தபோது அங்கே இன்னும் பனி கிடந்தது. பனிச்சரிவுகள் பாதையை அழித்துவிட்டிருந்தன. மலைச்சரிவில் கால் வைக்கும் அளவுக்கு வெட்டிய படிகளில் ஒருவர்பின் ஒருவராக அடியெடுத்து வைத்தார்கள். ஒற்றையடிப் பாதையில் குதிரை போகாது, ஆகவே நடைதான். வெயிலில் மின்னும் பனியை நாள் முழுவதும் பார்த்ததால் கண்கள் வீங்கிச் சிவந்து எரிந்தன. இன்று மலையேறுவோர் அனைவரும் கறுப்புக் கண்ணாடி அணிவது இதனால்தான். அணியாவிட்டால் சில மணி நேரத்திலேயே பார்வை மங்கிவிடும். ஆறுகளைக் கடக்க வில்லோ மரத்தின் கொம்புகளை முறுக்கிச் செய்த கயிற்றுப் பாலங்கள் இருந்தன. காற்றில் அவை ஊஞ்சலாக ஆடும். கீழே சிந்துவின் கிளையாறுகள் சுழித்தோடும். விறகு கிடைப்பது அரிது. வறுத்த பார்லி மாவே உணவு. இரவில் வெறுந்தரையில், சில நாட்களில் பனியின்மீதே, படுத்தார்கள்.

இன்று சென்னையில் அதிகாலையில் விமானம் ஏறி டில்லியில் மாறினால் அன்றே லே நகரில் இறங்கிவிடலாம். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் உடல் திடீரென்று 11,500 அடி உயரத்தில் போய் நின்றால் திகைத்துப்போகும். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு இங்கே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலியும் குமட்டலும் வரும். ஆகவே முதல் இரண்டு நாட்கள் ஓய்வெடுக்குமாறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். தெசிதேரிக்கு இந்தத் தொல்லை குறைவாகவே இருந்திருக்கும். மெதுவாக நடந்து ஏறியவரின் உடல் அந்தந்த உயரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள நேரம் கிடைத்துவிடுகிறது. நடப்பவருக்கு மலை தரும் சலுகை இது ஒன்றே.

லே நகரில் லடாக் அரசர் அவர்களை அன்போடு வரவேற்றார். தெசிதேரிக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. அங்கேயே தங்கிப் பணி செய்யலாம் என்று விரும்பினார். பிரெய்ரே அடிகளோ எப்படியாவது இந்தியச் சமவெளிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்தார். வந்த வழியே திரும்ப அவருக்கு நெஞ்சில் துணிவில்லை. கிழக்கே போனால் பெரிய திபெத்தும் லாசா நகரும் உண்டு, அங்கிருந்து இந்தியாவுக்கு எளிதான பாதை இருக்கிறது என்று கேள்விப்பட்டார். எளிதான பாதையைத் தேடியவர்தான் தம் தோழரை உலகத்தின் மிகக் கடுமையான பாதையில் இழுத்துச் சென்றார். தலைவர் சொல்லுக்குப் பணிந்து தெசிதேரியும் ஆகஸ்டு 17 அன்று புறப்பட்டார்.

லே நகரைச் சுற்றியுள்ள மலைகள் இப்போது காப்பிடங்களாகிவிட்டன. தெற்கே 1981-இல் அமைந்த ஹெமிஸ் தேசியப் பூங்கா, பனிச்சிறுத்தைக்குப் பேர்பெற்றது. கிழக்கே சிந்துவின் கரையோடு சென்றால் சாங்தாங் வனவிலங்குச் சரணாலயம். அந்தச் சாங்தாங் பீடபூமி எல்லைக்கு அப்பால் திபெத்துக்குள் பல நூறு மைல் விரிந்துகிடக்கிறது. உப்பேரிகள், காட்டுக் கழுதைகள், கருங்கழுத்துக் கொக்குகள், ஆடு மேய்க்கும் நாடோடிக் குடும்பங்களின் கூடாரங்கள் - அவ்வளவுதான். நாள்தோறும் நடந்தாலும் ஒரே மலை எதிரில் நிற்பதுபோலத் தோன்றும். தெசிதேரி நுழைந்தது இந்தப் பெருவெளிக்குள்தான்.

செப்டம்பரில் தாஷிகாங் என்ற எல்லையூரை அடைந்தார்கள். அதற்கு மேல் தனியாகச் செல்வது இயலாது. வழியில் மூன்று மாதத்துக்கு ஊரே இல்லை. கள்வர் பயமும் உண்டு. இந்த இடத்தில் ஒரு பெண்மணி நம் கதைக்குள் வருகிறார். திபெத்தின் மேற்கு எல்லையைக் காத்த மங்கோலியப் படைத்தலைவர் ஒருவர் காலமாகிவிட, அவருடைய விதவை மனைவி அந்தப் படையை நடத்திக்கொண்டு லாசாவுக்குத் திரும்பவிருந்தார். வேற்று நாட்டவரான இரண்டு குருக்களையும் தம் பரிவாரத்தோடு அழைத்துச் செல்ல அவர் சம்மதித்தார்.

அக்டோபரில் பயணம் தொடங்கிற்று. முன்னும் பின்னும் படைவீரர்; நடுவே அந்த அம்மையார் குதிரைமேல். குளிரில் குருக்களின் குதிரைகள் ஒவ்வொன்றாக மடிந்தன. எரிக்க உலர்ந்த சாணத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு நாள் மாலை கூடாரம் அடித்த பிறகு பார்த்தால் பிரெய்ரே அடிகளைக் காணவில்லை. செய்தி கேட்ட அம்மையார் உடனே வீரர்களைத் திருப்பி அனுப்பினார். பின்தங்கிப்போன அவர், பனியில் விழுந்த தம் குதிரையின் உடலோடு ஒட்டிக்கொண்டு, அதன் சூட்டில் உயிரைப் பிடித்துவைத்திருந்தார். அவரை மீட்டு வந்து நெருப்பருகே கிடத்தினார்கள். குளிர் மிகும் நாட்களில் அம்மையார் இருவரையும் தம் கூடாரத்துக்கு அழைத்து உணவும் சூடான தேநீரும் கொடுப்பார். அவர் இல்லாவிட்டால் இரு குருக்களும் லாசாவைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நாம் கருதுகிறோம். இமயப் பயண வரலாறுகளில் வீரர்களின் பெயர்கள் மலிந்துகிடக்கின்றன. குளிர்காலத்தில் ஒரு படையையும் இரண்டு அந்நியரையும் உயிரோடு கொண்டு சேர்த்த இந்த அம்மையாருக்கு அவற்றில் ஒரு வரி கிடைப்பதே அரிது.

நவம்பர் மாதத்தில் அவர்கள் கைலாயத்தையும் மானசரோவர் ஏரியையும் கடந்தார்கள். அவற்றைக் கண்டு எழுதிய முதல் ஐரோப்பியர் இவர்களே. ஏரியின் உயரம் ஏறத்தாழ 15,000 அடி. கைலாயச் சிகரம் 21,700 அடிக்கும் மேல். நம் நாட்டில் சைவர்கள் திருக்கயிலையாகப் போற்றும் அம்மலையைத் திபெத்தியப் பௌத்தர்களும் புனித மலையாகக் கொண்டு வலம் வருவதைத் தெசிதேரி கவனித்து எழுதினார். பனியில் பல நாள் நடந்து மலையைச் சுற்றும் அந்த எளிய மக்களை அவர் இகழவில்லை. கங்கையின் பிறப்பிடமும் அங்கேதான் என்று அவர் எண்ணியது மட்டும் பிழை. சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரா ஆகியவை அந்த வட்டாரத்தில் தோன்றுகின்றன. கங்கை தோன்றுவது இமயத்தின் இப்புறத்தில், கங்கோத்திரியில்.

1716 மார்ச்சு 18 அன்று லாசா நகர் வந்தது. டில்லியை விட்டு ஒன்றரை ஆண்டு. லே நகரை விட்டு ஏழு மாதம். பிரெய்ரே அடிகள் ஒரு மாதம் போலத் தங்கிவிட்டு நேபாளம் வழியாக இந்தியாவுக்குத் திரும்பினார். தெசிதேரி தனித்து நின்றார். அந்தப் பரந்த நாட்டில் அப்போது அவரைத் தவிர வேறு ஐரோப்பியக் குரு ஒருவரும் இல்லை.

அந்நாளில் திபெத்தை ஆண்டவர் மங்கோலிய வம்சத்து லாசங் கான். அவர் தெசிதேரிக்கு வீடு வாங்கிக்கொள்ளவும் தம் மதத்தைப் போதிக்கவும் இசைவளித்தார். தெசிதேரி மொழியைக் கற்று, திபெத்திய மொழியிலேயே ஒரு நூல் எழுதி 1717 சனவரி 6 அன்று, மூவரசர் திருநாளன்று, அரசரிடம் அளித்தார். அரசர் அதைப் படித்துப் பார்த்து, மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. திபெத்திய மதத்தின் நூல்களை முதலில் நன்றாகக் கற்று, பிறகு அறிஞர்களோடு வாதிடுமாறு கூறினார். நம் எண்ணத்தில் தெசிதேரியின் வாழ்வில் மிக உயர்ந்த கணவாய் இதுதான். போதிக்க வந்தவர் மாணவரானார். முதலில் ராமோச்சே மடத்திலும், பின்னர் ஆயிரக்கணக்கான துறவிகள் பயிலும் சேரா மடத்திலும் சேர்ந்து படித்தார். மடத்துக்குள்ளேயே திருப்பலி நிறைவேற்றச் சிறு அறை ஒன்றையும் அந்தத் துறவிகள் அவருக்குக் கொடுத்தனர். வேற்று மதத்துக் குருவுக்குத் தம் நூலகத்தையும் திறந்துவிட்டு வழிபடவும் இடம் தந்த அவர்களின் பெருந்தன்மை எழுதாமல் விடத்தக்கதன்று.

காலை முதல் சூரியன் மறையும்வரை படிப்பு. பகலில் தேநீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்வதில்லை. திபெத்தில் இருந்த நாள் முழுவதும் இதுவே அவர் வழக்கம். பல நூறு ஏடுகளைக் கொண்ட காஞ்சூர், தாஞ்சூர் தொகுதிகளைப் புரட்டினார். சோங்கப்பா என்ற மாபெரும் ஆசாரியரின் நூலை ஊன்றிக் கற்றார். மறுபிறப்பு, சூனியம் என்னும் இரண்டு கொள்கைகளே பௌத்தத்தின் உயிர்நாடி என்று கண்டு, அவற்றை மறுத்து அவர்களுடைய தர்க்க முறையிலேயே நூல்கள் எழுதினார். அவர்கள் கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆயினும் அவர்களைவிடக் குறைவாக அதைப் புரிந்துகொண்டு வாதிட அவர் விரும்பவில்லை.

1717-ஆம் ஆண்டு முடியுமுன் வடக்கேயிருந்து சுங்கார் மங்கோலியர் படையெடுத்து வந்து லாசாவைச் சூறையாடினர். லாசங் கான் கொல்லப்பட்டார். தெசிதேரி தலைநகரை விட்டு, தென்கிழக்கே பல நாள் பயணத்திலுள்ள தாக்போ மாநிலத்துக்குச் சென்று, அங்கேயே பெரும்பாலும் தங்கி எழுதினார்.

அவருடைய பணியை முடித்துவைத்தது போரன்று. திபெத்தை 1703-ஆம் ஆண்டிலேயே உரோமை கப்புச்சின் சபையாருக்கு ஒதுக்கியிருந்தது. கப்புச்சின் குருக்கள் 1716 அக்டோபரில் லாசா வந்து சேர்ந்தனர். தெசிதேரி அவர்களோடு ஒரே கூரையின்கீழ் நட்பாகவே வாழ்ந்தார். அவர்களுக்கு மொழியும் கற்றுக்கொடுத்தார். ஆனால் நாடு யாருக்கு உரியது என்ற வழக்கு உரோமையில் நடந்தது. தெசிதேரி வெளியேற வேண்டும் என்று சபைத் தலைவர் 1719-இல் எழுதிய கடிதம் 1721-இன் தொடக்கத்தில்தான் அவர் கைக்குக் கிட்டிற்று. கடிதம் வரவே இரண்டு ஆண்டு! படித்தவர் மூட்டை கட்டினார். ஏப்ரலில் லாசாவை விட்டு, நேபாளம், பாட்னா வழியாக 1722-இல் ஆக்ரா சேர்ந்தார். இரண்டு சபைகளும் நல்ல நோக்கம் கொண்டவைதாம். ஆயினும் அத்தனை பெரிய நாட்டில் இருவருக்கு இடமில்லை என்று தீர்த்ததை நம்மால் மகிழ்ந்து ஏற்க முடியவில்லை.

டில்லியில் சில ஆண்டு பணியாற்றிய பிறகு, வங்காளத்தின் வழியாக 1726 சனவரியில் புதுச்சேரி வந்தார். சோழமண்டலக் கரை முழுவதும் அந்நாளில் நம் மயிலை மறைமாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1606-இல் அமைந்த மறைமாவட்டம் அது. கர்நாடக மறைபரப்புப் பணியிலிருந்த பிரெஞ்சுக் குருக்களோடு சேர்ந்து தமிழ் கற்கத் தொடங்கினார். இத்தாலி, இலத்தீன், போர்த்துக்கீசியம், பாரசீகம், திபெத்தியம் ஆகியவற்றுக்குப் பிறகு, 41-ஆம் வயதில் நம் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும்! உறைபனியில் நடந்தவருக்குச் சித்திரை வெயில் எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் அவர் தேர்ச்சி பெறுமுன் வேறொரு கடமை வந்தது. மறவ நாட்டின் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு உயிர் நீத்த அருளானந்தருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்க வேண்டும் என்ற வழக்கை உரோமையில் எடுத்துரைக்கும் பொறுப்பு தெசிதேரியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1727 சனவரியில் புதுச்சேரியில் கப்பலேறினார். ஓரியூரின் செம்மண்ணைப் பற்றிய ஆவணங்களும் திபெத்தின் பனியைப் பற்றிய குறிப்புகளும் ஒரே பெட்டியில் கடல் கடந்தன என்று நினைக்கையில் நமக்கு வியப்பாக இருக்கிறது. கப்பலிலேயே அவர் தம் பயண வரலாற்றை எழுதத் தொடங்கினார். பிரான்சில் பதினைந்தாம் லூயி மன்னரைக் கண்டு, 1728 சனவரியில் உரோமை அடைந்தார்.

எஞ்சிய ஐந்தாண்டும் வழக்கிலேயே கழிந்தது. கப்புச்சின் சபையாருக்கும் அவருக்கும் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. 1732 நவம்பரில் தீர்ப்பு கப்புச்சின் சபையாருக்கே சாதகமாயிற்று. திபெத்துக்குத் திரும்பும் ஆசை அத்துடன் முடிந்தது. 1733 ஏப்ரலில், 48-ஆம் வயதில், உரோமையில் தெசிதேரி காலமானார். அச்சுக்கு ஆயத்தமாக இருந்த அவருடைய நூல் அச்சேறவில்லை. கைப்பிரதிகள் பெட்டகங்களில் உறங்கின. திபெத்தின் மதத்தையும் மக்களையும் நிலத்தையும் ஓர் ஐரோப்பியர் முதன்முதல் உள்ளிருந்து கற்று எழுதிய நூல் இப்படி இருட்டில் கிடக்க, பின்வந்த பயணிகள் அவர் ஏற்கெனவே அறிந்தவற்றை மறுபடியும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தனர்.

அவர் எடுத்துரைத்த அருளானந்தர் 1853-இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947-இல் புனிதராகவும் உயர்த்தப்பெற்றார். நூலின் கைப்பிரதி ஒன்று 1875-இல், அவர் பிறந்த பிஸ்தோயாவில் கண்டெடுக்கப்பட்டது. 1904-இல் சில பகுதிகள் அச்சாயின. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முழு இத்தாலியப் பதிப்பு வந்தது. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-இல் வெளிவந்தது. அதன் நான்காம் பகுதியைப் பிரித்தால், லாசாவிலிருந்து இறங்கிய அந்த நெடுவழி நம் சோழமண்டலக் கரையில் வந்து சேர்வதைக் காணலாம்.